ஒரே நுண்ணுயிர் உரம் ஒரு வயலில் பலிக்கிறது, இன்னொன்றில் பலிப்பதில்லை. ஏன்? (கேள்வி-பதில் உரையாடல்; ஒவ்வொரு பதிவின் மேலும் இருப்பது எழுதியவரின் புனைபெயர்)

நாற்றங்கால்

தழைச்சத்துக்கு (நைட்ரஜன்) அசோஸ்பைரில்லம், மணிச்சத்துக்கு (பாஸ்பரஸ்) பாஸ்போபாக்டீரியா, நோய்த் தடுப்புக்கு சூடோமோனாஸ் என்று விற்கும் மூன்று பாக்டீரியா உரங்களைப் பற்றியும் நேர் எதிரான இரண்டு பேச்சு காதில் விழுகிறது. யூரியாவைப் பாதியாக்கிவிடலாம் என்பார் ஒருவர். போட்டதும் போடாததும் ஒன்றுதான் என்பார் அடுத்தவர். பாக்கெட்டும் அளவும் பயிரும் ஒன்றாகவே இருந்தாலும் விளைவு மாறுகிறது. விதை நேர்த்தி, நாற்றின் வேரை நனைப்பது, தொழுவுரத்தோடு கலந்து மண்ணில் இடுவது என்று மூன்று வழி இருக்கிறதே, இதில் எதற்கு முதலிடம் கொடுக்கலாம்? வாங்கிய பாக்கெட்டில் உயிர் இருக்கிறதா என்று எப்படித் தெரிந்துகொள்வது? வெல்லக் கரைசலில் போட்டுப் பெருக்கிக்கொள்ளலாம் என்கிறார்களே, அது சரியா? விவரம் தெரிந்தவர்கள் அளவோடு எழுதினால் நல்லது.

வேரடி

முதல் கேள்விக்குக் கணக்கே பதில் சொல்லும்.

ஒரு கிராம் பொடியில் 10 கோடி உயிருள்ள செல் இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். ஹெக்டேருக்கு 2 கிலோ இட்டால் மொத்தம் 20,000 கோடி செல். ஒரு ஹெக்டேரில் மேல் 15 செ.மீ. மண்ணின் எடை ஏறத்தாழ 20 லட்சம் கிலோ, அதாவது 200 கோடி கிராம். சமமாகத் தூவினால் ஒரு கிராம் மண்ணுக்குக் கிடைப்பது 100 செல். அதே ஒரு கிராம் மண்ணில் ஏற்கனவே பத்துக் கோடிக் கணக்கில் பாக்டீரியா வாழ்கிறது. அவற்றைத் தின்று வாழும் புரோட்டோசோவாக்களும் அங்கேயே இருக்கின்றன. வெறும் மண்ணில் விழுந்த 100 செல்லால் அங்கே எதுவும் செய்ய முடியாது.

இப்போது விதைக்கு வாருங்கள். 1,000 விதையின் எடை 25 கிராம் என்றால் ஒரு கிலோவில் 40,000 விதை. கிலோவுக்கு 20 கிராம் பொடி பூசினால் 200 கோடி செல், விதை ஒன்றுக்கு 50,000. உலர்த்தும்போது பாதிக்கு மேல் செத்தாலும் முளைவேர் வெளியே வரும் இடத்திலேயே ஆயிரக்கணக்கில் நிற்கும். வேர் கசியவிடும் சர்க்கரையும் அமிலமும் முதலில் கிடைப்பது அவற்றுக்குத்தான். நடவுப் பயிராக இருந்தால் வேரை நனைப்பதும் இதே பலனைத் தரும்.

எனவே விதைப்புப் பயிருக்கு விதை நேர்த்தி, நடவுப் பயிருக்கு வேர் நனைப்பு முதலில். மண்ணில் இடுவதானால் வயல் முழுவதும் விசிறாமல், விதை விழும் சாலிலோ செடியின் வேரடியிலோ இடவேண்டும். 2 கிலோ பொடியை 25 கிலோ மக்கிய தொழுவுரம், 25 கிலோ மண்ணோடு கலப்பது பரவலாக இடுவதற்கு வசதியாக இருக்கலாம். ஆனால் பரவலாக இடுவதே இங்கு பலவீனம்.

இன்னொன்று. வேர் நுனி ஒரு நாளில் ஒன்றிரண்டு சென்டிமீட்டர் நீளும் பயிர்கள் உண்டு. பாக்டீரியா தன் நீச்சலில் அதைத் துரத்திப் பிடிக்காது. கீழே இறங்கும் தண்ணீர்தான் அதைச் சுமந்து போகிறது. காய்ந்த மண்ணில் இட்டுவிட்டு நான்கு நாள் கழித்து நீர் பாய்ச்சினால் இட்டது விதையடியிலேயே நின்றுவிடும். இட்ட அன்றே லேசான பாசனம் வேண்டும்.

செம்மண்

வேரடி சொல்வதை ஏற்கிறேன். ஆனால் இது எல்லாம் "எங்கே இடுவது" என்பதற்கான பதில். "எதற்காக இடுகிறோம்" என்பதிலேயே பெரிய குழப்பம் இருக்கிறது. அசோஸ்பைரில்லம் காற்றிலிருந்து தழைச்சத்தை எடுத்துத் தருகிறது, அதனால் யூரியா குறையும் என்றுதான் எல்லா இடத்திலும் எழுதியிருக்கிறது. அது எவ்வளவு தரும் என்று யாராவது கணக்குச் சொல்லுங்கள்.

நுண்ணோக்கி

கணக்கு சொல்லலாம் செம்மண். முழுவதும் சொல்ல வேண்டிய விஷயம் இது.

காற்றிலுள்ள நைட்ரஜனை உடைப்பது உயிரினங்களுக்கு மிகச் செலவான வேலை. தனித்து வாழும் இன்னொரு பாக்டீரியாவான அசோட்டோபாக்டர் ஒரு கிராம் சர்க்கரையை எரித்து ஏறக்குறைய 10 முதல் 20 மில்லிகிராம் நைட்ரஜனைப் பிடிக்கும். 20 கிலோ நைட்ரஜன் வேண்டுமென்றால், நல்ல பக்கத்துக் கணக்கை எடுத்துக்கொண்டாலும் 1,000 கிலோ சர்க்கரை எரிய வேண்டும். வேர் கசியும் கார்பனில் அவ்வளவு பங்கு இந்த ஒரு பாக்டீரியாவுக்கு மட்டும் கிடைக்காது. அதுவும் பிடித்த நைட்ரஜனைத் தன் உடம்பில்தான் வைத்துக்கொள்கிறது. செத்து மட்கினால்தான் செடிக்கு வந்து சேரும்.

பயறு வகையின் வேர்முடிச்சு வேறு கதை. அங்கே செடி உணவை நேராக முடிச்சுக்குள் அனுப்புகிறது, ஆக்சிஜன் அளவை முடிச்சிலுள்ள லெக்ஹீமோகுளோபின் என்ற சிவப்புப் புரதம் கட்டுப்படுத்துகிறது, பிடித்த அம்மோனியா நேராகச் செடிக்குப் போகிறது. சோயாவில் ஹெக்டேருக்கு 100 கிலோவைத் தாண்டுவது சாதாரணம். முடிச்சில் வாழும் பாக்டீரியாவான ரைசோபியத்தின் எண்ணை அசோஸ்பைரில்லத்துக்கு ஏற்றிப் பேசுவதால்தான் "பாதி யூரியா" என்ற வாக்குறுதி பிறக்கிறது.

அப்படியென்றால் அசோஸ்பைரில்லம் வீணா? இல்லவே இல்லை. அதன் முக்கியமான வேலை வேரில். செடி கசியும் டிரிப்டோஃபான் என்ற அமினோ அமிலத்தைக் கொண்டு இண்டோல் அசிட்டிக் அமிலம் என்ற ஆக்சினை, அதாவது வளர்ச்சி ஹார்மோனைச் செய்கிறது. பக்கவேரும் வேர்த்தூவியும் கூடுகின்றன. வேரின் பரப்பு கூடியதால் மண்ணில் ஏற்கனவே இருக்கும் தழை, மணி, நீர் எல்லாம் கூடுதலாக ஏறுகின்றன. இட்ட உரம் வீணாகாமல் செடிக்குள் போகிறது. உரத்தைக் கொஞ்சம் குறைக்க முடிவது இதனால்தான். உரத்தையே நிறுத்திவிட்டால் ஏற்றுவதற்கு மண்ணில் ஒன்றும் இருக்காது.

1994-இல் ஓகோன், லபாண்டேரா-கொன்சாலஸ் என்ற ஆய்வாளர்கள் இருவரும் 20 ஆண்டு வயல் சோதனைகளைத் தொகுத்துப் பார்த்தார்கள். 60 முதல் 70 விழுக்காடு சோதனைகளில் 5 முதல் 30 விழுக்காடு விளைச்சல் உயர்வு. மீதியில் நம்பும்படி வித்தியாசம் இல்லை. மூன்றில் ஒரு வயலில் பலன் தெரியாமல் போவது இந்தத் துறையின் உண்மை நிலை. அதை மறைத்து விற்பவர்கள்தான் நல்ல பொருளுக்கும் கெட்ட பெயர் வாங்கித் தருகிறார்கள்.

செம்மண்

இது தெளிவு. அப்போது யூரியாவோடு சேர்த்து இட்டால் பாக்டீரியா சோம்பிவிடும் என்பதும் பாதி உண்மைதானே?

நுண்ணோக்கி

நைட்ரஜன் பிடிக்கும் வேலையை மட்டும் நிறுத்திவிடும். அம்மோனியம் சுற்றிலும் இருக்கும்போது நைட்ரஜனேஸ் நொதியைச் செய்யும் மரபணுக்கள் அடங்கிவிடும். ஆக்சின் வேலை தொடரும். பயறு வகையில்தான் கவனம் தேவை: அடியுரத்தில் தழைச்சத்து அதிகமானால் முடிச்சு விழுவதே குறையும். மணிச்சத்தும் அப்படித்தான். சூப்பர் பாஸ்பேட் ஏராளமாக இட்ட மண்ணில் பாஸ்போபாக்டீரியாவுக்கு வேலையில்லை, பலன் தெரியாததில் வியப்பும் இல்லை. மண் பரிசோதனையில் மணிச்சத்து மிகை என்று வந்தால் அந்தப் பாக்கெட்டை வாங்காதீர்கள்.

வேரடி

பாஸ்போபாக்டீரியா பற்றி ஒன்று சேர்க்கிறேன். ஆய்வகத்தில் இதைத் தேர்ந்தெடுப்பது பிகோவ்ஸ்கயா என்ற பாக்டீரியா வளர்ப்பு ஊடகத்தில். அதிலுள்ள டிரைகால்சியம் பாஸ்பேட்டைக் கரைத்துக் குடியிருப்பைச் (பாக்டீரியா ஒரே இடத்தில் பெருகிக் கண்ணுக்குத் தெரியும் புள்ளி) சுற்றித் தெளிந்த வளையம் விழுந்தால் "கரைக்கிறது" என்று முடிவு. கால்சியம் பாஸ்பேட் அமிலத்தில் எளிதாகக் கரையக்கூடியது, குளுக்கோனிக் அமிலம் சுரக்கும் எந்த பாக்டீரியாவும் வளையம் காட்டும். அமில மண்ணில் மணிச்சத்து இரும்போடும் அலுமினியத்தோடும் பிணைந்து கிடக்கிறது. அதை விடுவிப்பது கடினம். சுண்ணாம்பு மிகுந்த மண்ணிலோ சுரக்கும் அமிலத்தை மண்ணே உறிஞ்சிச் சமன் செய்துவிடும். ஆகவே வளையத்தின் அகலத்தைக் காட்டி விற்றால் அதை வயல் சான்றாக எடுத்துக்கொள்ள வேண்டாம்.

நாற்றங்கால்

நன்றி. விதை நேர்த்தியைப் படிப்படியாக எழுத முடியுமா? ஒட்டும் பொருள், உலர்த்தும் நேரம் இதில்தான் ஆளுக்கொரு மாதிரி சொல்கிறார்கள்.

சாலடி

நடுத்தர அளவு விதை 10 கிலோவுக்குச் சொல்கிறேன்.

பொடி 200 கிராம். ஒட்டுவதற்கு நன்றாக ஆறிய கஞ்சி, அல்லது 10 விழுக்காடு வெல்லக் கரைசலைக் கொதிக்க வைத்து ஆற்றியது, அல்லது ஒரு விழுக்காடு கார்பாக்சி மெத்தில் செல்லுலோஸ் கரைசல். அளவு 300 முதல் 400 மி.லி. கை வைத்தால் சூடு தெரியக் கூடாது. முதலில் கஞ்சியில் பொடியைக் கட்டியில்லாமல் குழைத்துக்கொண்டு, பிறகு விதைமேல் ஊற்றிப் புரட்டவும். காய்ந்த பொடியை விதைமேல் தூவிவிட்டுத் தண்ணீர் தெளித்தால் பாதி பொடி பாத்திரத்தின் அடியில்தான் இருக்கும்.

நிழலில் சுத்தமான சாக்கிலோ தாளிலோ மெல்லிய அடுக்காகப் பரப்பி 30 நிமிடம். விதை ஒன்றோடொன்று ஒட்டாமல் உதிர்ந்தால் போதும், கலகலவென்று காயவைக்க வேண்டாம். அசோஸ்பைரில்லம், ரைசோபியம், சூடோமோனாஸ் எல்லாம் வித்து (சூட்டையும் உலர்வையும் தாங்கும் பாக்டீரியாவின் உறங்கு நிலை) உண்டாக்காதவை. காய்வதைத் தாங்காமல் மணிக்கணக்கில் எண்ணிக்கை சரியும். வெயிலில் வைத்தால் புறஊதாக் கதிரும் சேர்ந்து கொல்லும். அன்றே விதைத்து மண்ணால் மூடவும். முந்தின நாள் இரவே நேர்த்தி செய்து மூட்டை கட்டி வைப்பது செய்த வேலையை வீணாக்குவது.

நிலக்கடலையில் எச்சரிக்கை: ஈரத்தில் அழுத்திப் புரட்டினால் தோல் உரியும், முளைப்பு குறையும். கரைசலைப் பாதியாக்கி, தட்டை மட்டும் ஆட்டிப் புரட்டுங்கள். எள் மாதிரி பொடி விதையில் ஈரம் கூடினால் உருண்டையாகிவிடும்; அதற்கு விதையோடு விழும் மணலில் கலந்து இடுவது மேல்.

நாற்று என்றால் 1 கிலோ பொடி, 40 லிட்டர் தண்ணீர், வேர் மட்டும் மூழ்க 20 முதல் 30 நிமிடம். இடையிடையே கலக்கிவிட வேண்டும். பொடி அடியில் தங்கும், கடைசியாக நனைக்கும் கட்டுகளுக்கு வெறும் தண்ணீர்தான் கிடைக்கும்.

சொட்டுநீர்

தண்ணீர் என்று சுலபமாகச் சொல்லிவிட்டார் சாலடி. அந்தத் தண்ணீரிலேயே பலர் பாக்டீரியாவைக் கொன்றுவிடுகிறார்கள். குளோரின் கலந்த குழாய் நீரைத் திறந்த தொட்டியில் ஓர் இரவு வைத்தால் சாதாரணக் குளோரின் பறந்துவிடும். குளோரமின் (குளோரினும் அம்மோனியாவும் சேர்ந்தது) போட்ட நீர் என்றால் பறக்காது. 100 லிட்டருக்கு 2 கிராம் சோடியம் தயோசல்பேட் கலந்தால் குடிநீரில் வழக்கமாக இருக்கும் அளவு குளோரின் முறிந்துவிடும்.

சொட்டுக் குழாயில் விடுவோருக்கு: திரவ வடிவத்தை மட்டும் விடுங்கள், பொடியை எவ்வளவு வடிகட்டினாலும் சொட்டுவான் அடைக்கும். உரத் தொட்டியில் பாஸ்பாரிக் அமிலமோ யூரியா அடர்கரைசலோ இருந்த பிறகு நன்றாகக் கழுவாமல் விட்டால் அமிலமும் உப்பும் கொல்லும். குழாயை அமிலத்தாலோ குளோரினாலோ சுத்தம் செய்த மறுநாள் விடக் கூடாது, நல்ல நீர் ஒரு முழுப் பாசனம் ஓடியிருக்க வேண்டும். பாசன நேரத்தின் கடைசிப் பகுதியில் விட்டு, பின்னால் 10 நிமிடம் வெறும் நீர் ஓட்டி நிறுத்துங்கள். ஆரம்பத்திலேயே விட்டால் வேருக்குக் கீழே கழுவிக்கொண்டு போய்விடும்.

பூசணக்கட்டு

பூஞ்சாணக்கொல்லி பற்றி யாரும் தொடவில்லை. தைரம், கேப்டான், மாங்கோசெப், தாமிரக் கலவைகள் பாக்டீரியாவையும் அடிக்கும். கார்பென்டசிம் பாக்டீரியாவுக்கு அவ்வளவு கெடுதல் செய்வதில்லை. மருந்து பூசியே ஆக வேண்டும் என்றால் மருந்து முதலில், 24 மணி நேரம் இடைவெளி, விதைப்பதற்குச் சற்று முன்பு பாக்டீரியா. எண்ணிக்கை குறையும் என்று தெரிந்தே பொடியை இரட்டிப்பாக்கவும். அல்லது மருந்து விதையில், பாக்டீரியா தொழுவுரத்தோடு விதைச்சாலில் என்று பிரித்துவிடலாம். பெரிய விதைகளில் இதுதான் நம்பகமான வழி.

தாமிரம் காலப்போக்கில் சிதைவதில்லை. இலைமேல் தெளித்திருந்தால் சில நாள் பொறுத்து வேரில் பாக்டீரியா விடலாம். வேரடியிலேயே காப்பர் ஆக்சிகுளோரைடு ஊற்றியிருந்தால் நாள் கணக்குப் பார்த்து இடைவெளி விட்டும் பெரிய பலன் இல்லை. மக்கிய எரு நிறையச் சேர்த்துத் தாமிரத்தைக் கட்டிப்போட்ட பிறகு முயலலாம். ஸ்ட்ரெப்டோமைசின் தெளித்த பயிரில் உடனே சூடோமோனாஸ் விடுவது ஒரு கையால் போட்டு மறு கையால் அள்ளுவது.

நாற்றங்கால்

வெல்லத்தில் பெருக்குவது பற்றி இன்னும் பதில் வரவில்லை. 200 லிட்டர் டிரம்மில் 2 கிலோ வெல்லம், ஒரு லிட்டர் திரவ அசோஸ்பைரில்லம், ஐந்து நாள் மூடி வைத்து ஊற்றலாம் என்று பரவலாகச் சொல்கிறார்கள்.

நுண்ணோக்கி

வேண்டாம். காரணம் மூன்று இருக்கிறது, மூன்றும் ஒன்றைவிட ஒன்று வலுவானவை.

உணவே தவறு. வெல்லத்தில் பெரும்பங்கு சுக்ரோஸ். அசோஸ்பைரில்லம் பிரேசிலென்ஸ் சுக்ரோஸை உண்பதில்லை. அதற்குப் பிடித்தது மாலிக், சக்சினிக் போன்ற கரிம அமிலங்கள். வேர் கசிவில் இவை உண்டு, அதனால்தான் அது அங்கே வாழ்கிறது. டிரம்மில் நீங்கள் பந்தி வைப்பது காற்றிலும் வெல்லத்திலும் ஏற்கனவே இருக்கும் ஈஸ்ட்டுக்கும் லாக்டிக் பாக்டீரியாவுக்கும்.

அடுத்தது காற்று. மூடிய டிரம்மில் கரைந்த ஆக்சிஜன் சில மணி நேரத்தில் தீர்ந்துபோகும். அசோஸ்பைரில்லம், சூடோமோனாஸ் இரண்டுக்கும் காற்று வேண்டும். ஆலையில் நொதிகலனுக்குள் ஓயாமல் காற்றை ஊதிக் கலக்குவது இதற்காகத்தான்.

மூன்றாவது அமிலம். லாக்டிக் பாக்டீரியா இரண்டு மூன்று நாளில் கரைசலின் பிஎச் அளவை 4-க்குக் கீழே இறக்கிவிடும். அதில் நீங்கள் ஊற்றிய பாக்டீரியா பிழைக்காது. புளித்த வாசமோ சாராய வாசமோ வந்தால் உள்ளே வளர்ந்தது என்ன என்று சோதிக்கத் தேவையே இல்லை.

வித்து உண்டாக்கும் பாக்டீரியாவான பேசில்லஸ் சப்டிலிஸ் சர்க்கரையில் வளரும், உண்மை. ஆனால் நுண்ணுயிர் நீக்காத டிரம்மில் அது மட்டும் வளரும் என்று எந்த உறுதியும் இல்லை. புளித்த வெல்லக் கரைசலுக்கு அதற்கான பயன் ஏதாவது இருக்கலாம், அதை அசோஸ்பைரில்லம் என்று அழைக்கக் கூடாது.

சாலடி

எருவில் கலந்து ஒரு வாரம் மூடி வைத்துப் பெருக்குவதும் இதே வகைதானா?

வேரடி

அதில் டிரைக்கோடெர்மா பெருகும், பூஞ்சை ஆகையால் நார்ப்பொருளைத் தின்னும். சூடோமோனாஸும் அசோஸ்பைரில்லமும் உயிருள்ள எருவில் போட்டிக்கு நின்று பெருகுவது அரிது, எண்ணிக்கை அப்படியே நின்றால் அதுவே நல்லது. கலந்த அன்றோ மறுநாளோ இட்டுவிடுங்கள். எருவின் நடுவில் கை வைத்தால் சூடு இருக்கிறது என்றால் அது இன்னும் மக்கி முடியவில்லை, கலக்கவே வேண்டாம். ஈரம் பிடித்தால் உருண்டை நிற்க வேண்டும், விரலிடுக்கில் நீர் கசியக் கூடாது.

நுண்ணோக்கி

இப்போது உயிர் இருக்கிறதா என்று பார்ப்பது. சிறிய ஆய்வகம், பள்ளி அல்லது கல்லூரி ஆய்வகம் போதும்.

லிட்டருக்கு 8.5 கிராம் உப்பு கரைத்துப் பிரஷர் குக்கரில் 15 பவுண்ட் அழுத்தத்தில் 20 நிமிடம் வைத்த நீர். அதில் 90 மி.லி.க்கு 10 கிராம் பொடி. 20 நிமிடம் குலுக்கவும். இது பத்தில் ஒன்று. இதிலிருந்து 1 மி.லி. எடுத்து 9 மி.லி. உப்பு நீரில் விட்டால் நூறில் ஒன்று. இப்படியே பத்து லட்சத்தில் ஒன்று வரை இறங்கவும். ஒவ்வொரு படிக்கும் புதிய பிப்பெட். கடைசி மூன்று படிகளிலிருந்தும் 0.1 மி.லி. எடுத்து அகார் ஊடகம் ஊற்றிய தட்டில் பரப்பி 28 முதல் 30 டிகிரியில் இரண்டு மூன்று நாள் வைத்து, 30 முதல் 300 குடியிருப்பு உள்ள தட்டை மட்டும் எண்ணவும்.

உதாரணமாக லட்சத்தில் ஒன்று நீர்த்த தட்டில் 46 குடியிருப்பு. 46-ஐ 10-ஆல் பெருக்கவும், ஏனென்றால் பரப்பியது 0.1 மி.லி.தான். பிறகு ஒரு லட்சத்தால் பெருக்கவும். கிராமுக்கு 4.6 கோடி. பொடிக்கு 5 கோடியும் திரவத்துக்கு 10 கோடியும் வழக்கமாக எதிர்பார்க்கும் குறைந்த அளவு. காலாவதித் தேதிக்கு ஒரு மாதம் முன்பே 4.6 கோடி என்றால் சேமிப்பில் சூடு பட்டிருக்கிறது என்று சந்தேகிக்கலாம்.

எண்ணிக்கை மட்டும் போதாது, எண்ணியது எது என்றும் தெரிய வேண்டும். பளிச்சிடும் சூடோமோனாஸுக்குக் கிங்ஸ் பி ஊடகம்: லிட்டருக்கு புரோட்டியோஸ் பெப்டோன் 20 கிராம், கிளிசரால் 10 மி.லி., டைபொட்டாசியம் ஹைட்ரஜன் பாஸ்பேட் 1.5 கிராம், மெக்னீசியம் சல்பேட் 1.5 கிராம், அகார் 15 கிராம், பிஎச் 7.2. இதில் இரும்பு குறைவு என்பதால் பயோவெர்டின் என்ற நிறமி சுரந்து, புறஊதா விளக்கின் கீழ் மஞ்சள் பச்சையாக ஒளிரும். தட்டெல்லாம் ஒளிராத வெள்ளைக் குடியிருப்பு என்றால் பாக்கெட்டில் எண்ணிக்கை இருக்கிறது, பளிச்சிடும் சூடோமோனாஸ் இல்லை.

அசோஸ்பைரில்லத்துக்கு மாலிக் அமிலமும் புரோமோதைமால் புளூவும் சேர்ந்த, நைட்ரஜன் இல்லாத அரைத்திட ஊடகம். அகார் லிட்டருக்கு 1.75 கிராம்தான். அசைக்காமல் வைத்தால் மேற்பரப்புக்குச் சில மில்லிமீட்டர் கீழே வெண்படலம் வளையமாக நிற்கும், பச்சை நிறம் நீலமாகும். ஆக்சிஜன் தனக்கு ஒத்துவரும் ஆழத்தைத் தேடிப் போய் நிற்பதால் படலம் அங்கே உண்டாகிறது. இந்த அரைத்திட ஊடகத்தால்தான் நுண்ணுயிரியலாளர் யோஹன்னா டோபெரெய்னர் குழுவினர் பிரேசிலில் இதைப் புல்வகைகளின் வேரிலிருந்து பரவலாகப் பிரித்தார்கள். பெய்ஜரிங்க் 1925-இல் ஸ்பைரில்லம் லிப்போஃபெரம் என்று பெயரிட்டிருந்ததற்கு அசோஸ்பைரில்லம் என்ற பேரினம் 1978-இல் அமைந்தது.

பேசில்லஸ் பொடிக்கு இன்னொரு சோதனை. முதல் கரைசலை 80 டிகிரியில் 10 நிமிடம் வைத்துப் பிறகு தட்டில் பரப்பவும். வித்து மட்டும் பிழைக்கும். சூடு காட்டாத தட்டுக்கும் இதற்கும் பெரிய வித்தியாசம் இல்லை என்றால் பொருள் முழுக்க வித்தாகி நிற்கிறது, அறை வெப்பத்தில் நாள்பட இருக்கும். சூடு காட்டியதும் எண்ணிக்கை விழுந்துவிட்டால் அதைச் சீக்கிரம் பயன்படுத்துங்கள்.

பூசணக்கட்டு

நோய்க் கட்டுப்பாட்டுக்கு இடுவோர் நேரத்தைத் தவறவிடுகிறார்கள். சூடோமோனாஸ் நேரடியாகப் பூஞ்சையை அடிப்பது உண்டு; 2,4-டைஅசிட்டைல்ஃபுளோரோகுளூசினால், ஃபீனசின் போன்றவற்றைச் சுரக்கிறது. கோதுமையைத் தொடர்ந்து பயிரிட்ட வயல்களில் வேரழுகல் சில ஆண்டுகளில் தானே தணிவது இந்த வகை சூடோமோனாஸ் வேரில் கூடுவதால்தான். பேசில்லஸ் சர்ஃபாக்டின், இட்டூரின், ஃபெஞ்சைசின் என்ற, பூஞ்சையை அடிக்கும் லிப்போபெப்டைடுகளைத் தருகிறது. இவற்றோடு செடியையே உஷார்ப்படுத்தும் வேலையும் உண்டு: வேரில் பாக்டீரியா குடியேறியதும் ஜாஸ்மோனேட், எத்திலீன் என்ற செடி ஹார்மோன்கள் வழியாக இலைவரை எதிர்ப்பு ஆயத்தமாகிறது. இந்த ஆயத்தத்துக்கு நாள் பிடிக்கும். வாடல் கண்ணில் பட்ட பிறகு வேரடியில் ஊற்றினால், ஏற்கனவே நீர்க்குழாய்க்குள் புகுந்த பூஞ்சையை அது எட்டாது. நாற்றங்காலிலும் நடவிலும் இட்டதுதான் கணக்கு.

பொடி செய்யும் முறை கேட்பவர்களுக்கு: டால்க் 1 கிலோ, கால்சியம் கார்பனேட் 15 கிராம், கார்பாக்சி மெத்தில் செல்லுலோஸ் 10 கிராம். டால்க்கை நுண்ணுயிர் நீக்கி ஆறவிட்டு, 48 மணி நேரம் வளர்ந்த கிங்ஸ் பி திரவ வளர்ப்பு 400 மி.லி. கலந்து, நிழலில் ஈரம் 20 விழுக்காட்டுக்கு வரும்வரை உலர்த்துவது. சூடோமோனாஸ் ஃபுளோரசன்ஸ் 25 முதல் 28 டிகிரியில் நன்றாக வளரும், 37 டிகிரியில் பெரும்பாலும் வளராது. கோடையில் தகரக் கூரை கொண்ட அறையில் அடுக்கி வைத்த பொடியை நம்பாதீர்கள்.

செம்மண்

நம் வயலின் வேரிலிருந்தே நல்ல பாக்டீரியாவைப் பிரித்தெடுத்தால் அந்த மண்ணுக்குப் பழகியதாக இருக்குமே? ஆக்சின், வளையம், சிடரோஃபோர் (இரும்பைப் பிடிக்கும் பொருள்) மூன்று சோதனையும் செய்து தேர்ந்தெடுத்தால் போதாதா?

நுண்ணோக்கி

மண்ணுக்குப் பழகியது என்ற எண்ணம் சரி. தேர்வுதான் ஆபத்து. அந்த மூன்று சோதனையிலும் முதலிடம் பிடிப்பவற்றில் சூடோமோனாஸ் ஏருஜினோசா, பர்க்ஹோல்டேரியா செப்பாசியா கூட்டம், செரேஷியா, என்டரோபாக்டர், கிளெப்சியெல்லா எல்லாம் வரும். மனிதரைத் தாக்கக்கூடியவை, நோய் எதிர்ப்பு குறைந்தவர்களுக்கும் நுரையீரல் நோயாளிகளுக்கும் கொடியவை. செடிக்கு எவ்வளவு நன்மை செய்தாலும் அவற்றைப் பெருக்கிக் கையால் அள்ளித் தூவக் கூடாது.

முதல் வடிகட்டல் எளிது: 37 மற்றும் 42 டிகிரியில் வளர்த்துப் பாருங்கள். ஏருஜினோசா 42-இல் வளரும், ஃபுளோரசன்ஸ் வளராது. 42-இல் வளர்ந்தால் அந்தத் தட்டை அழித்துவிடுங்கள். வளரவில்லை என்பதால் மட்டும் பாதுகாப்பானது என்றும் ஆகாது. பாக்டீரியாவை அடையாளம் காணப் பயன்படும் 16எஸ் மரபணு வரிசையைப் பார்ப்பது பேரினத்தைச் சொல்லும், இனத்தை எப்போதும் தெளிவாகச் சொல்லாது. முழு மரபணுத் தொகுதியைப் படிக்காமல் வயலுக்கு எடுத்துப் போக வேண்டாம்.

ஆக்சின் அதிகம் சுரப்பதே நல்லது என்பதும் தவறு. அளவு மீறினால் முதன்மை வேரின் நீளம் குறுகும். விதைக்குக் கூடுதல் பொடி போட்டு வேர் கட்டையாகக் கிளைத்து நிற்பதைப் பார்த்தால் காரணம் இதுவாகலாம். வறட்சியும் உப்பும் உள்ள இடத்துக்கு ஏசிசி டிஅமினேஸ் உள்ளதைத் தேடுங்கள். நெருக்கடியில் செடி எத்திலீனைச் செய்ய ஏசிசி என்ற முன்பொருளை உண்டாக்கும். இந்த நொதி அதைச் சிதைத்து எத்திலீனைக் குறைப்பதால் வேர் நீள்வது நிற்காது. நீரும் சத்தும் குறையில்லாத வயலில் இதன் பலன் தெரியாது. நாற்றங்கால் முதலில் கேட்டதற்கு இதுவும் ஒரு பதில்.

நாற்றங்கால்

அப்படியானால் ஒரு வயலில் இது பலிக்குமா என்று பார்க்க எளிய சோதனை எப்படி அமைப்பது?

வேரடி

இட்ட பாத்தி, இடாத பாத்தி என்று இரண்டோடு நிறுத்தாதீர்கள். மூன்றாவதாக, அதே பொடியைக் குக்கரில் 15 பவுண்டில் ஒரு மணி நேரம் வைத்து ஆற்றி, மறுநாளும் ஒருமுறை அப்படியே வைத்து எடுத்த செத்த பொடி. கஞ்சி, எரு, அளவு எல்லாம் மூன்றுக்கும் ஒன்றே. இடாத பாத்திக்குக் கஞ்சியும் எருவும் மட்டும். பொடியிலுள்ள சத்தாலோ எருவாலோ வந்த பலனைப் பாக்டீரியாவின் கணக்கில் எழுதாமல் இருக்க இந்தச் செத்த பொடி பாத்திதான் உதவும்.

மூன்றையும் நான்கு முறை, சீட்டுப் போட்டு இடம் மாற்றி அமையுங்கள். மொத்தம் 12 பாத்தி. சீட்டுப் போடுவதால் செத்த பொடி பாத்திகளும் இடாத பாத்திகளும் எப்போதும் நீர் வரும் மேல்பக்கத்தில் அமையாது என்பதால் இடையில் வரப்போ இரண்டு வரிசைப் பயிரோ விடுங்கள், இல்லாவிட்டால் பாக்டீரியா நீரோடு பக்கத்துப் பாத்திக்குப் போய்விடும். உரம் பரிந்துரையில் 75 விழுக்காடு வைத்தால் வித்தியாசம் தெளிவாகத் தெரியும். முழு உரத்தில் பலன் மறைந்துவிடும்.

21-ஆம் நாள் பாத்திக்கு 10 செடி, மண்வெட்டியால் மண்ணோடு பெயர்த்து வாளி நீரில் ஊறவைத்துக் கழுவுங்கள். இழுத்துப் பிடுங்கினால் நீங்கள் அளக்க வந்த நுண்வேரெல்லாம் மண்ணிலேயே அறுந்து நின்றுவிடும். வேரின் காய்ந்த எடை, பக்கவேர் எண்ணிக்கை இரண்டும் போதும். பயறாக இருந்தால் முடிச்சை நகத்தால் பிளந்து பாருங்கள். உள்ளே இளஞ்சிவப்பு என்றால் வேலை செய்கிறது. வெள்ளையோ பச்சையோ என்றால் எத்தனை முடிச்சு இருந்தாலும் பயனில்லை. பயிருக்குப் பொருந்தாத ரைசோபியம் இட்டிருக்கலாம். கொண்டைக்கடலைக்கு மீசோரைசோபியம், சோயாவுக்கும் நிலக்கடலைக்கும் பிராடிரைசோபியம். ஆனால் சோயாவுக்கான வகை நிலக்கடலைக்கு ஆகாது.

சொட்டுநீர்

அறுவடை எடையை ஓரத்து வரிசையை விட்டுவிட்டு எடுங்கள். 12 பாத்தி எடையையும் தனித்தனியாக எழுதி வையுங்கள், சராசரியை மட்டும் எழுத வேண்டாம். நான்கு பாத்தியில் ஒன்று மட்டும் தூக்கலாக நின்று சராசரியை இழுத்திருந்தால் அது சராசரியில் தெரியாது.

வேரடி

ஆம். உயிருள்ள பொடி பாத்தி நான்கும் செத்த பொடி பாத்தி நான்கையும் தாண்டி நின்றால் அடுத்த பருவத்துக்கு அந்த வயலில் அந்தப் பயிருக்குத் தொடருங்கள். கலந்து கிடந்தால் பாக்கெட்டை மாற்றும் முன் பிஎச், மணிச்சத்து, கரிமச்சத்து மூன்றையும் பரிசோதித்துவிட்டு, நுண்ணோக்கி சொன்ன தட்டு எண்ணிக்கையையும் எடுத்து இங்கே எழுதுங்கள்.

நாற்றங்கால்

விதைப்புக்கு முன்பே தட்டு எண்ணிக்கை எடுத்துவிடுகிறேன். மண் பரிசோதனை முடிவு வந்ததும் 12 பாத்தியின் வரைபடத்தோடு பதிகிறேன். பரிந்துரை அளவும் பயிரும் அதிலேயே இருக்கும்.